மண்டைக்குள் மாறுவேடம் போடும் கட்டி!

அபூர்வ நோயை டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

1895-ம் ஆண்டு மே மாதம்.

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ என்று ஒரு நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். அவள் கர்ப்பிணி.

அவளுக்குத் தாங்க முடியாத தலைவலி. எழுந்து நடந்தால் தள்ளாடினாள். ஒரு பக்கத்துக் காது கேட்கவில்லை.

டாக்டர்கள் அவளைச் சோதித்தார்கள். நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள். காதைச் சோதித்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"மண்டைக்குள் கட்டி இருக்கிறது. அது இந்தப் பக்கம் இருக்கிறது!"

மண்டைக்குள் இருப்பதை அவர்கள் எப்படிக் கண்டார்கள்? எக்ஸ்ரே எடுத்தார்களா? இல்லை. அப்போது எக்ஸ்ரேயே கிடையாது! ஜெர்மனி விஞ்ஞானி ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தது அதே ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். நோயாளியின் உடம்பு சொன்ன அடையாளங்களை மட்டுமே நம்பி டாக்டர்கள் கணக்குப் போட்டார்கள்.

கணக்குத் தப்பினால்? தாயும் போவாள். வயிற்றுப் பிள்ளையும் போகும்.

தாமஸ் அனன்டேல் என்ற டாக்டர் துணிந்து கத்தியை எடுத்தார். மண்டை ஓட்டைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இருந்தது! அதை எடுத்தார். தாய் பிழைத்தாள். பிறகு குழந்தையும் பிறந்தது.

இது நடந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல. படம் எடுத்தால் தெரிந்து விடும். ஆனால் அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது.

அது நல்ல கட்டியா? கெட்ட கட்டியா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் கதைதான் இது.

கம்பியும் உறையும்

வீட்டில் மின்சாரக் கம்பி இருக்கிறது. உள்ளே செம்பு. வெளியே உறை. உறை இல்லாவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் போகிற வழியில் போகாது.

நம் உடம்பில் நரம்புகளும் அப்படித்தான். மூளையிலிருந்து செய்தியைச் சுமந்து செல்வது நரம்பு. அதைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. இந்த உறையை உண்டாக்கும் உயிரணுக்களுக்கு "ஷ்வான் அணுக்கள்" என்று பெயர். தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானியர் இவற்றைக் கண்டு எழுதினார். அவர் 1810-ம் ஆண்டு பிறந்தவர். "எல்லா உயிர்களும் உயிரணுக்களால் ஆனவை" என்று 1839-ம் ஆண்டு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. ஒரு ஜோடி வாசனைக்கு. ஒரு ஜோடி பார்வைக்கு. 5-வது ஜோடி முகத்தின் தொடு உணர்ச்சிக்கும், மெல்லுவதற்கும். 7-வது ஜோடி முகத்தை அசைப்பதற்கு. நாம் சிரிப்பதும் கண்ணை மூடுவதும் அதனால்தான். 8-வது ஜோடி காது கேட்பதற்கும், தள்ளாடாமல் நிற்பதற்கும்.

இவற்றில் வாசனை நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் ஷ்வான் உறை கிடையாது. மற்ற நரம்புகள் மூளையை விட்டு வெளியே வந்ததும் இந்த உறையைப் போர்த்திக் கொள்கின்றன.

அந்த உறையில் ஓர் அணு கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால்? அதுதான் நரம்பு உறைக் கட்டி.

சாதுவும் கொடியவனும்

நரம்பு உறைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. புற்று நோய் அல்ல. அதிகமாக வருவது 8-வது நரம்பில், அதாவது காது நரம்பில். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்தச் சாதுக் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது.

சாதுக் கட்டி மெல்ல வளரும். ஆண்டுக்கு 1 மில்லி மீட்டர், 2 மில்லி மீட்டர். சில கட்டிகள் வளருவதே இல்லை. அப்படியே கிடக்கும். அதனால் பல நோயாளிகளை, "இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள்.

ஆனால் இதே உறையில் கொடிய கட்டியும் வரலாம். இது புற்று நோயின் ஒரு வகை. டாக்டர்கள் இதை "எம்.பி.என்.எஸ்.டி." என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இது கை, கால், உடல் பகுதி நரம்புகளில் வரும். அதுவே அபூர்வம். மண்டைக்குள் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். உலகத்தில் எங்காவது ஒருவருக்கு வந்தால், அந்த ஒருவரைப் பற்றியே டாக்டர்கள் வைத்திய ஏட்டில் கட்டுரை எழுதுகிறார்கள். அவ்வளவு அரிது!

அரிதாக இருப்பதுதான் ஆபத்து. ஏன்?

ஒரு நரம்பு டாக்டர் தம் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தாலும் இந்த நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம். பார்க்காத திருடனை எப்படிப் பிடிப்பது? அதுவும் அந்தத் திருடன் சாதுவின் வேடத்தில் வந்தால்?

சாது என்று நினைத்து 6 மாதம் காத்திருந்தால், கொடியவன் அதற்குள் மூளையை நெருக்கி விடுவான். கொடியவன் என்று பயந்து சாதுக் கட்டியைப் பிடுங்கப் போனால், வீணாக முகம் கோணிப் போகலாம். காது போகலாம். இரண்டும் நஷ்டம். அதனால் பெயரைச் சரியாகச் சொல்வதில்தான் நோயாளியின் உயிரும் வாழ்வும் இருக்கிறது.

டெலிபோனை மாற்றும் கை

முதல் அறிகுறி என்ன?

காது நரம்பில் கட்டி வந்தவர்கள் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. டெலிபோன் மணி அடிக்கிறது. எடுத்துக் காதில் வைக்கிறார்கள். மறுமுனையில் பேசுவது புரியவில்லை. இன்னொரு காதுக்கு மாற்றுகிறார்கள். இப்போது நன்றாகக் கேட்கிறது. "லைன் சரியில்லை" என்று நினைத்துக் கொள்கிறார்கள். லைன் சரியாகத்தான் இருந்தது. காதுதான் சரியில்லை!

அடுத்து காதில் இரைச்சல். வண்டு ரீங்காரம் செய்வது போல. பிறகு லேசான தள்ளாட்டம். வயதாகி விட்டது, பித்தம், காதில் அழுக்கு என்று வீட்டில் ஒரு காரணம் சொல்வார்கள். எண்ணெய் விடுவார்கள். மாதங்கள் ஓடி விடும்.

5-வது நரம்பில் கட்டி வந்தால் கன்னம் மரத்துப் போகும். முகத்தில் வலி வரும். பல் வலி என்று எண்ணிப் பல் டாக்டரிடம் போகிறவர்களும் உண்டு. மெல்லும்போது ஒரு பக்கம் தாடை வலுவிழக்கும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹார்வி குஷிங் என்று ஒரு பெரிய மூளை டாக்டர் இருந்தார். காது நரம்புக் கட்டியைப் பற்றி அவர் 1917-ம் ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் வற்புறுத்திச் சொன்னது ஒன்று. நோயாளிக்கு என்னென்ன உபத்திரவம் என்று கேட்டால் போதாது. எது முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அந்த வரிசையே கட்டி பிறந்த இடத்தைக் காட்டிக் கொடுத்து விடும்!

முதலில் காது கேட்காமல் போய், பிறகு தள்ளாட்டம் வந்து, பிறகு கன்னம் மரத்தால், கட்டி காது நரம்பில் பிறந்தது. தலைகீழாக, முதலில் கன்னம் மரத்து, பிறகு காது மந்தமானால், அது வேறு நரம்பில் பிறந்திருக்கலாம்.

குஷிங் காலத்துக்கு முன்பு இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் 10 பேருக்கு 7, 8 பேர் இறந்தார்கள். குஷிங்கின் பொறுமையும் கைத்திறனும் அந்தச் சாவைப் பெரிதும் குறைத்தன.

சந்தேகம் எப்போது எழும்?

சாதுக் கட்டிக்கும் கொடிய கட்டிக்கும் முதல் வித்தியாசம் வேகம்.

சாதுக் கட்டியின் உபத்திரவம் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல வரும். கொடிய கட்டி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஓடி வரும். போன மாதம் காது மந்தம். இந்த மாதம் வாய் கோணல். அடுத்த மாதம் நடக்க முடியவில்லை. இப்படி என்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

வாய் கோணுவது முக்கியமான அடையாளம். காது நரம்பும் முக நரம்பும் மண்டைக்குள் ஒன்றை ஒன்று ஒட்டியே போகின்றன. அப்படியிருந்தும் சாதுக் கட்டி பெரிதானாலும் பெரும்பாலும் முக நரம்பு தாக்குப் பிடித்து விடும். மெல்ல நகரும் கட்டிக்கு அது விலகி இடம் கொடுத்து விடுகிறது. சின்னக் கட்டியாக இருந்தும் முகம் கோணினால், "இது சாதுவின் வேலை அல்லவே!" என்று டாக்டர் சந்தேகப்படுவார்.

இன்னொரு அடையாளம், எடுத்த கட்டி சில மாதங்களுக்குள் அதே இடத்தில் திரும்ப முளைப்பது.

இவை எல்லாம் சந்தேகம்தான். தீர்ப்பு அல்ல. சாதுக் கட்டியும் சில சமயம் திடீரென்று பெருக்கும். அதனால் டாக்டர் அடுத்த சாட்சியைக் கூப்பிடுகிறார்.

இசைத்தட்டுக் கம்பெனி தந்த கண்

பழைய இசைத்தட்டுகளில் ஒரு படம் இருக்கும். கிராமபோன் குழாய்க்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். நினைவிருக்கிறதா? அந்தத் தட்டுகளை வெளியிட்டு வந்த இங்கிலாந்துக் கம்பெனி இ.எம்.ஐ. அதில் வேலை பார்த்தவர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு. அவர் டாக்டர் அல்ல. என்ஜினீயர்.

"ஒரு பெட்டியைத் திறக்காமலே, எல்லாப் பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா?" அவருடைய யோசனை இதுதான்.

மனிதனின் மண்டை ஓடும் ஒரு பெட்டிதானே!

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி. லண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரி. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணியை ஹவுன்ஸ்பீல்டு செய்த எந்திரத்தில் படுக்க வைத்தார்கள். எந்திரம் அவள் தலையைச் சுற்றிச் சுற்றிக் கதிரைச் செலுத்தியது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. படம் வந்தது. படத்தில் கட்டி தெரிந்தது!

மண்டையைத் திறக்காமல் மனிதன் உயிருள்ள மூளையைக் கீறிப் பார்த்தது போல் பார்த்த முதல் நாள் அது. சி.டி. ஸ்கேன் பிறந்து விட்டது. ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியை முன்பே கணக்கால் கண்டறிந்த ஆலன் கார்மாக்குடன் அவர் அந்தப் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. இதில் எக்ஸ்ரே கிடையாது. பெரிய காந்தம்தான். இந்த முறையை வளர்த்த லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் 2003-ம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்போது காது நரம்பில் கட்டி என்று சந்தேகம் வந்தால், நோயாளியின் கையில் ஓர் ஊசி போடுகிறார்கள். கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து ரத்தத்தில் கலக்கிறது. கட்டி இருக்கும் இடத்தில் அது தங்கிப் படத்தில் வெள்ளையாக ஒளி விடுகிறது. சில மில்லி மீட்டர் அளவே உள்ள கட்டியும் தப்ப முடியாது.

படம் எடுக்க மண்டைக்குக் கத்தி வேண்டாம். வலி இல்லை. எந்திரம் "டக் டக்" என்று பலமாகச் சத்தம் போடும். அசையாமல் படுத்திருந்தால் போதும். ஆனால் உடம்பில் இரும்பு, இதயத்தை ஓட்டும் கருவி போன்றவை இருந்தால் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். காந்தம் பொல்லாதது!

படம் சொல்லாத ரகசியம்

கட்டியின் இடம் தெரிந்தது. அளவு தெரிந்தது. பக்கத்து எலும்பை அரித்திருக்கிறதா, மூளையில் வீக்கம் இருக்கிறதா என்பதும் தெரிந்தது. எலும்பு அரித்திருந்தால், ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால், சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் கட்டி நல்லதா கெட்டதா என்று படம் உறுதியாகச் சொல்லாது. கொடிய கட்டி சாதுவைப் போலவே வழவழப்பாகப் படத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பெட் ஸ்கேன் என்று இன்னொன்று உண்டு. புற்று அணுவுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். லேசான கதிர் வீசும் சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதிகமாகத் தின்னும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். கொடிய கட்டி நிறையத் தின்னும். ஆனால் சில சாதுக் கட்டிகளும் சர்க்கரையை வெளுத்துக் கட்டும்! அதனால் இந்தச் சாட்சியையும் முழுக்க நம்ப முடியாது.

அப்படியானால் தீர்ப்பு யார் கையில்?

கட்டியின் ஒரு துண்டின் கையில்! அதை எடுத்துப் பூதக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

மெழுகில் புதைத்த துண்டு

ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உறைய வைத்துச் சீவி, அரை மணி நேரத்துக்குள் அவசரப் பதில் சொல்லுவார்கள். இது முதல் பார்வைதான். முழுத் தீர்ப்பு வரச் சில நாட்கள் ஆகும்.

என்ன செய்கிறார்கள்?

துண்டை மருந்தில் ஊறப் போடுகிறார்கள். பிறகு மெழுகில் புதைக்கிறார்கள். மெழுகுக் கட்டியை எந்திரத்தில் வைத்துச் சீவுகிறார்கள். 1 மில்லி மீட்டரை 200 பங்கு செய்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? அந்தக் கனத்துக்குச் சீவல் வரும்!

சீவலைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் தோய்க்கிறார்கள். நீலச் சாயம் ஒன்று. சிவப்புச் சாயம் ஒன்று. நீலச் சாயம் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது. அந்த மரம் மெக்சிகோ நாட்டுப் பக்கம் வளர்கிறது. ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போட்ட மரம் இன்று நோயைக் கண்டுபிடிக்கிறது!

பூதக் கண்ணாடியில் சாதுக் கட்டி எப்படி இருக்கும்? அணுக்கள் நீளமாக, நெசவுத் தறியின் நாடா போல் இருக்கும். ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும்.

கொடிய கட்டியில் ஒழுங்கு இல்லை. கூட்ட நெரிசல். எங்கே பார்த்தாலும் ஒன்று இரண்டாகப் பிளக்கும் அணுக்கள். வேகமாக வளர்ந்ததால் ரத்தம் எட்டாமல் செத்துப் போன திட்டுக்கள். கலகம் நடந்த தெரு மாதிரி!

இப்போது டாக்டருக்கு இது கெட்ட கட்டி என்று தெரிந்து விட்டது. வேலை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் சிக்கல்.

நான்கு வேடக்காரர்கள்

இதே மாதிரி நீள அணுக்களோடு வரும் வேறு புற்றுக் கட்டிகளும் உண்டு. தோலில் பிறந்து மூளைக்குப் பரவும் மெலனோமா என்ற கரும்புற்று ஒன்று. மூட்டுப் பக்கம் வரும் ஒரு வகைச் சதைப் புற்று ஒன்று. மூளை உறையில் வரும் கெட்ட கட்டி ஒன்று. மூளைக்குள்ளேயே பிறக்கும் புற்று ஒன்று. எல்லாம் ஒரே சீருடையில் வந்து நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மெலனோமா புற்றுக்கு இப்போது நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. நரம்பு உறைப் புற்று என்று தப்பாகப் பெயர் வைத்தால் அந்த மருந்து நோயாளிக்குக் கிடைக்காமல் போய்விடும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் விசேஷச் சாயங்களைப் போடுகிறார்கள். இவை எல்லா இடத்திலும் ஒட்டாது. அணுவுக்குள் ஒரே ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடிப் போய் ஒட்டிக் கொள்ளும். அது இருந்தால் பழுப்பு நிறம். இல்லாவிட்டால் நிறம் இல்லை.

"எஸ்-100" என்ற பொருள் ஷ்வான் அணுவில் உண்டு. சாதுக் கட்டியில் இந்தச் சாயம் போட்டால் சீவல் முழுவதும் பழுப்பாகி விடும். கொடிய கட்டி தன் குலத்தை மறந்து விடுகிறது. அதில் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் நிறம் வரும். சில கட்டிகளில் நிறமே வராது. மெலனோமாவோ பளிச்சென்று நிறம் காட்டும்.

2014-ம் ஆண்டு இன்னொரு ரகசியம் வெளியாயிற்று. ஒவ்வோர் அணுவின் கருவிலும் பாரம்பரியச் சரடு இருக்கிறது. அதில் "இந்தப் பகுதி வேலை செய்ய வேண்டாம்" என்று பூட்டி முத்திரை வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கொடிய நரம்பு உறைக் கட்டிகள் பலவற்றில் அந்த ஏற்பாடே உடைந்து கிடக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். பூட்டு உடைந்தால் வீடு என்ன ஆகும்? கண்டபடி ஆட்டம்தான்.

இப்போது அந்த முத்திரையைத் தேடும் சாயம் போடுகிறார்கள். முத்திரை அடியோடு மறைந்திருந்தால் கொடிய நரம்பு உறைக் கட்டி என்பதற்கு அது பலமான சாட்சி. ஆனால் எல்லாக் கொடிய கட்டிகளிலும் முத்திரை மறைவதில்லை. அதனால் ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. நோயாளி சொன்ன வரிசை, படம், கத்தி கண்ட காட்சி, சாயம், பாரம்பரியச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பல டாக்டர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

சந்தேகம் தீராவிட்டால் அந்தக் கண்ணாடித் துண்டை வேறு ஊர் நிபுணருக்கு அனுப்பி இரண்டாவது கருத்துக் கேட்பது உண்டு. இதைக் கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு. கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

தோலில் எழுதிய எச்சரிக்கை

இந்தக் கொடிய கட்டி யாருக்கு வரும்?

ஒரு குற்றமும் செய்யாதவர்களுக்குத்தான் வருகிறது. புகையிலையாலோ சாப்பாட்டாலோ வருவது அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் அல்ல. வேறு நோய்க்காக முன்பு கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் வருவது உண்டு. அதற்காகக் கதிர்ச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது காப்பாற்றும் உயிர்கள் மிக அதிகம்.

உடம்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால், இந்தப் புற்று வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு பாரம்பரியக் கோளாறு இருக்கிறது. 1882-ம் ஆண்டு ஜெர்மனி டாக்டர் ரெக்லிங்ஹாசன் அதை விவரித்து எழுதினார். ஏறக்குறைய 3 ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இந்தக் கோளாறுடன் பிறக்கிறது.

அடையாளம் என்ன? தோலில் பால் கலந்த காபி நிறத்தில் மச்சங்கள். ஒன்று இரண்டு மச்சம் யாருக்கும் இருக்கும். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். அக்குளில் புள்ளி புள்ளியாக வரும். வயது ஏற ஏற உடம்பில் மெத்தென்ற சிறு கட்டிகள் தோன்றலாம்.

இந்தக் கோளாறு உள்ள 100 பேரில் ஏறக்குறைய 8 முதல் 13 பேருக்கு, வாழ்நாளில் என்றாவது ஒரு நாள் கொடிய நரம்பு உறைக் கட்டி வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமலே குழந்தைக்குப் புதிதாக வருவதும் பாதிப் பேரிடம் நடக்கிறது. ஆகவே, "உன் வம்சத்தால் வந்தது", "என் வம்சத்தில் இல்லை" என்று புருஷனும் மனைவியும் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

பல குடும்பங்கள் இந்த மச்சங்களை மறைக்கின்றன. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே என்ற பயம். பெற்றவர்களின் கவலை புரியாதது அல்ல. ஆனால் டாக்டரிடம் மறைத்தால் யாருக்கு நஷ்டம்? காது டாக்டரிடம் போனவர் முதுகில் உள்ள மச்சத்தைக் காட்டுவதில்லை. டாக்டரும் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம் எழாமல் போய் விடுகிறது. "என் உடம்பில் இப்படி மச்சங்கள் உண்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதுவே டாக்டருக்குப் பெரிய துப்பு!

இந்தக் கோளாறு உள்ளவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். நெடு நாளாகச் சும்மா இருந்த கட்டி திடீரென்று பெருத்தால், விடாமல் வலித்தால், மெத்தென்று இருந்தது கல்லாக இறுகினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்டுபிடித்தால் பிழைக்கலாமா?

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மண்டைக்குள் வரும் கொடிய நரம்பு உறைக் கட்டி மிகப் பொல்லாதது. காலில் வந்தால் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்துத் தாராளமாக வெட்டி எடுக்கலாம். மண்டைக்குள் அப்படி முடியுமா? சுற்றிலும் மூச்சு விடுவதற்கும், விழுங்குவதற்கும், பார்ப்பதற்கும் ஆன நரம்புகள். ஒரு நூல் தவறினாலும் ஆபத்து.

எடுக்க முடிந்ததை எல்லாம் எடுக்கிறார்கள். மிச்சத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கிறார்கள். சிலருக்கு மருந்தும் செலுத்துகிறார்கள். இவ்வளவும் செய்தும் பலருக்குக் கட்டி திரும்பி விடுகிறது.

அப்படியானால் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன்?

பயன் உண்டு. கட்டி சின்னதாக இருக்கும்போது முழுவதும் எடுக்கும் வாய்ப்பு அதிகம். முழுவதும் எடுத்தவர்கள், மிச்சம் விட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். அதோடு, சரியான பெயர் தெரிந்தால்தான் குடும்பம் ஒரு முடிவு எடுக்க முடியும். எவ்வளவு செலவு செய்வது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெரிந்து செய்யலாம். இருட்டில் அடி வாங்குவதைவிட வெளிச்சத்தில் எதிரியைப் பார்ப்பது மேல்.

பெயர் தெரிவதில் சந்தோஷமும் இருக்கிறது. பயந்து கொண்டு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, "இது சாதுக் கட்டிதான். கவலைப்படாமல் போய் வாருங்கள்" என்ற பதில்தான் கிடைக்கிறது!

வேலூரும் சென்னையும்

நம் நாட்டில் மூளை ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவு முதன் முதலில் தொடங்கியது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டில்தான்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1950-ல், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். அன்று ஸ்கேன் இல்லை. நோயாளியைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, நடக்க வைத்துத்தான் கட்டியின் இடத்தைக் குறித்தார்கள்.

இன்று எந்திரங்கள் வந்து விட்டன. ஆனால் எந்திரத்தில் படுக்க வைக்க வேண்டும் என்று முதலில் யாருக்காவது தோன்ற வேண்டுமே! அந்த எண்ணம் எந்திரத்துக்கு வராது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் டாக்டருக்குத்தான் வரும். மறைக்காமல் சொல்லும் நோயாளியால்தான் வரும்.

ஒரு காது மட்டும் மந்தமாகிறதா? ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்கவில்லையா? ஒரு கன்னம் மட்டும் மரத்துப் போகிறதா? வாய் கோணுகிறதா? பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணெய் விட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். போகும்போது எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போக வேண்டும்.

எடின்பரோவில் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைக் காப்பாற்றியது கத்தி மட்டும் அல்ல. கத்திக்கு வழி காட்டியது அவள் உடம்பு சொன்ன அடையாளங்கள். அவற்றைக் காது கொடுத்துக் கேட்க அன்று ஆள் இருந்தது.